பானைக்குள் இருந்த மஞ்சள்

பரளச்சியில் மாமனார் வீட்டின் மொட்டைமாடியை நேற்று கொத்தினார்கள். தளம் ஒழுகுகிறது. பழையதை எடுத்துவிட்டு, வெயிலைத் தடுக்கும் வெள்ளை ஓடுகளைப் பதிக்கப்போகிறார்கள். மதுரையிலிருந்தபடியே மகள் ஏற்பாடு செய்துவிட்டு, என்னைக் கூட நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஓர் இடத்தில் கடப்பாரை பொத்தென்று உள்ளே இறங்கியது. சுண்ணாம்புத் தூசி எழுந்தது. வேலையாள் கைவிட்டு எடுத்தது ஒரு பானையின் உடைந்த வாய். அதன் கழுத்தைச் சுற்றிக் கறுத்துப்போன நூல். நூலில் ஒரு விரலி மஞ்சள், மரத்துண்டுபோல.

“என்னய்யா இது? எவனாச்சும் செய்வினை வச்சுட்டானா?”

“மஞ்சள்” என்றேன். அதற்குமேல் சொல்ல வரவில்லை. மச்சான், நீ இருந்திருந்தால் அவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கும்படி சொல்லியிருப்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு எழுதத்தான் வரும், அதுவும் சுமாராக.

எழுபதுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் தறி ஓடும் வீடுகள் பலவற்றுக்குத் தகரக் கூரை. மதிய வெக்கையில் பாவு நூல் காய்ந்து அறுந்துகொண்டே இருக்கும். தகரத்துக்குக் கீழே மூங்கில் சட்டம் அடித்து, பனையோலைப் பாய் பதித்து, நடுவில் காற்றுக்கு இடம்விட்டால் சூடு குறையும் என்பது பாலிடெக்னிக்கில் நான் படித்ததிலிருந்து தேறிய ஒன்று. அதைச் சொன்னால் யாராவது வீட்டுக்குள் விடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. உன் பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டே, “வீட்டுக்கு வெக்கை வைத்தியம் பண்றோம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாய். “யாருக்குக் காய்ச்சல்?” என்று கேட்டால், “ஒங்க கூரைக்குத்தான்” என்பாய்.

வீடு வீடாகப் போனோம். நான் எல்லாவற்றையும் இரண்டு முறை அளப்பேன், பிறகும் சந்தேகப்படுவேன். “மாப்ள, நீ டேப்ப வச்சு அள. நான் வாயால அளக்குறேன்” என்பாய்.

என் மாமனார் அந்தச் சமயத்தில்தான் பழைய ஓட்டுவீட்டை இடித்துவிட்டு, கான்கிரீட் தளம் போட்டு இந்த வீட்டைக் கட்டியிருந்தார். பரளச்சியில் அன்று அது பெரிய பெருமை. ஆனால் உச்சிவெயிலுக்குப் பிறகு உள்ளே உட்கார முடியாது. என் மனைவிக்கு வைகாசியில் தலைப்பிரசவம். பிறந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பிலேயே இருந்தாள். என் அம்மா மறுத்துவிட்டாள்.

“அந்தச் செங்கச் சூளைக்குள்ளயா அனுப்பச் சொல்ற? நான் ஒண்ணக் குடுத்தது போதாதா?”

அம்மாவின் முதல் பிள்ளை சித்திரை மாதம் தகரக் கொட்டகைக்குள் பிறந்து, அந்த வெக்கையிலேயே போனது. அது தெரிந்தவனால் எதிர்த்துப் பேச முடியாது. தெரியாதிருந்தாலும் நான் பேசியிருக்கமாட்டேன். என் மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக ஒரு யோசனையை உன்னிடம் வரைந்து காட்டினேன். தளத்தின்மேல் புதுப்பானைகளை நெருக்கமாகக் கவிழ்க்கவேண்டும். இடுக்குகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் நிரப்பி, மேலே தட்டை ஓடுகளைப் பதிக்கவேண்டும். பானைக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கீழே இறங்கவிடாது. காட்டிய பிறகு எனக்குப் பயமாக இருந்தது. நீ அன்றைக்கே போய்ப் பானைக்குச் சொல்லிவிட்டாய்.

பங்குனியில் பானைவண்டி வந்தது. நேரே பரளச்சிக்கு அனுப்பியிருக்கலாம். ஒவ்வொன்றையும் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று வண்டியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். தட்டத் தொடங்கியதுமே எதிர்வீட்டு அம்மாள் தெருவுக்கு ஓடிவந்தார்.

“ஆத்தாடி! அவுக வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு? இம்புட்டுப் பானை எறங்குது!”

“எழவு வீட்டுக்கு ஒரு பானை போதுமேக்கா” என்றாள் இன்னொருத்தி.

அம்மா வாசலுக்கு வந்தாள். பின்னால் என் மனைவி.

“புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டு வாசல்ல வெறும்பானையக் கொண்டாந்து தட்டிக்கிட்டு நிக்கிறியே, ஒனக்கு என்னத்தடா படிச்சுக் குடுத்தாக? அவ எங்கயும் போகவேணாம்.”

என் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் கையில் பானையோடு நின்றேன். அப்போதுதான் நீ சைக்கிளில் வந்தாய். ஒரு பார்வை பார்த்தாய். சைக்கிளை அப்படியே திருப்பிக்கொண்டு போனாய். நீ ஓடிப்போகிறாய் என்று நினைத்தேன். ஒரு பை விரலி மஞ்சளும் கடை நூல்கண்டுமாகத் திரும்பி வந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து, பானைக் கழுத்துகளில் கட்ட ஆரம்பித்தாய்.

“வெறும்பானைன்னு யாரு சொன்னது அத்தே? இது பொங்கப்பானை.”

“பங்குனியில எவன்டா பொங்க வைக்கிறான்?”

“வெயிலு வைக்குதுல்ல. மேல அது பொங்கட்டும், கீழ தங்கச்சி குளுகுளுன்னு கெடக்கட்டும்.”

தெரு சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. “வேலை முடியட்டும். நானே வந்து படுத்துப் பாக்குறேன்” என்றாள்.

மஞ்சளில் சுண்ணாம்பு படாமல் அதைப் பானைக்குள்ளே தள்ளிவிட்டு, பரளச்சித் தளத்தில் கவிழ்த்தோம். சித்திரையில் ஒரு மதியம் அம்மா பரளச்சிக்கு வந்தாள். வெறுந்தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். நான் தெர்மாமீட்டரோடு சுவரோரம் நின்றேன். வாசலைவிட உள்ளே சூடு குறைவுதான். போதுமான குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது குறட்டை கேட்டது.

“ஏலே, அத உள்ள வையி. அளந்தாச்சு” என்றாய் என் காதில்.

வளைகாப்பு முடிந்ததும் என் மனைவி பரளச்சி வந்தாள். மகள் இந்தத் தளத்துக்குக் கீழேதான் பிறந்தாள். பிறகு கடைசிவரை நீ அந்தக் கதையைச் சொன்னாய். “ஒரு வெரலி மஞ்சள்ல எங்க அத்தைய மடக்குனவன் நான்” என்று மகளின் கல்யாணப் பந்தியிலும் சொன்னாய். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். உனக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னாள்.

தரையில் படுத்துப் பார்த்த அன்று, அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னிடம் சொன்னதை நீ அறியமாட்டாய்.

“பொங்கப்பானைக்கு எவளாச்சும் பொட்டல முடிச்சுப் போடுவாளாடா? மஞ்சள எதுக்குக் கட்டுனான்னு எனக்குத் தெரியாதா? ஏமாத்துறதுக்குத்தான் கட்டுனான். ஆனா, அன்னைக்கு எம் மொதப் பிள்ளைக்கு மேல ஒரு ஓலை போட ஒருத்தனும் இல்ல. இவன் இம்புட்டு மெனக்கெடுறான். அவள அனுப்பு.” கொஞ்சம் கழித்து, “அவன்கிட்ட சொல்லாத. ஏமாத்திட்டேன்னு சந்தோஷமா இருக்கட்டும்” என்றாள்.

சொல்லவில்லை. அம்மா போய், இப்போது நீயும் போன பிறகு, சொல்வதில் தவறிருக்காது என்று நினைக்கிறேன். இதிலும் எனக்கு உறுதியில்லை.

பானையின் வாயைக் கேட்டு வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். கடையில் நீ சீனிப் பொட்டலத்துக்குப் போடுகிற அதே முடிச்சு. காலையில் ஒரு நூலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எங்கே திருப்பி எங்கே இழுப்பாய் என்பது பிடிபடவில்லை. உன் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவிழ்க்கவில்லை. திரும்பக் கட்ட எனக்கு வராது.