மூன்றாவது ஆபரேஷன்

12.6.2016

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்துக் கட்டில்காரி எழுதுகிறேன். நீங்கள் போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் கடிதம்.

சிட்டுவுக்கு இரண்டாவது ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது. தவழ்கிறாள். அழுதால் மட்டும் உதடு நீலமாகிறது. எனக்கு உயிர் போய் வருகிறது. "அதான் ஆபரேஷன் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்கிறார் மாமியார். இதயத்தில் ரத்தம் தள்ளுகிற அறை இரண்டு இருக்க வேண்டும், இவளுக்கு ஒன்றுதான், இன்னொரு ஆபரேஷன் பாக்கி என்று எத்தனை தடவை சொல்வது? என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில். பேசினால் பாதியில் லைன் அறுந்துவிடுகிறது. சொல்லாமலே புரிந்துகொள்ள நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் துரைக்கு மூன்றாவதும் முடிந்ததே, நெஞ்சிலிருந்து நீர் வடிவது நின்றதா? குழாயோடு வார்டு முழுக்க அதிகாரம் பண்ணுவானே, நர்ஸுக்கே ஊசி போட வருவானே. ஒரு வரி போடுங்கள். மறந்துவிட்டீர்களோ என்று கொஞ்சம் வருத்தம்தான்.

உங்கள் தங்கை

30.9.2016

அன்புத் தங்கைக்கு,

மறக்கவில்லை. எழுதக் கை வரவில்லை.

நீ டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமே துரை போய்விட்டான். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. நீர்தான் நிற்கவேயில்லை. டாக்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்.

சிட்டு தவழ்கிறாள் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவள் நன்றாக இருக்கட்டும். கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. இனி எழுதாதேம்மா.

ஒன்று மட்டும். அவளுக்கு மூன்றாவதுக்குத் தேதி வந்தால் தெரியப்படுத்து. அந்த ஆபரேஷன் வராந்தாவில் யாரும் தனியாக உட்காரக் கூடாது. நான் வருகிறேன்.

அக்கா

18.11.2019

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பேச்சை மதித்து இத்தனை நாள் எழுதவில்லை. சிட்டுவுக்கு மூன்றாவது ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இருக்கிறாள். அதற்குமேல் அவளைப் பற்றி எழுத மாட்டேன்.

தேதி வந்ததும் உங்களுக்கு எழுதினேன். தபாலில் போடாமல் கிழித்துவிட்டேன். சொல்லியிருந்தால் வந்திருப்பீர்கள். அதே வராந்தாவில் உங்களை மறுபடி உட்காரவைக்க மனசு வரவில்லை. கோபப்படாதீர்கள்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாமியாருக்கு முட்டிவலி. தள்ளுகட்டில் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். வாங்கின டீ கையிலேயே ஆறிப்போனது. பக்கத்து நாற்காலியில் பையை வைத்திருந்தேன். கூட்டம் அதிகமாகி ஒரு பெரியவர் உட்கார வந்தார்.

"ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரை பையை எடுக்கவில்லை.

உங்கள் தங்கை