ஒருமித்த என்றொரு சொல்

இன்று காலை பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில், நனைந்த குடைகளின் வாடைக்கு நடுவே, ரேடியோவில் யாரோ "ஒருமித்த நாடு" என்று குழைந்து பேசினார். எனக்கு உன் நினைவு வந்தது. பக்கத்தில் நீ இருந்திருந்தால், "தேன் தடவுறாங்கடி, ஜாக்கிரதை" என்று காதில் சொல்லியிருப்பாய்.

புதிய அரசியலமைப்பு பற்றிக் கருத்துக் கேட்கக் கண்டியில் மண்டபம் பிடித்துக் கூட்டம் வைத்தார்களே, அந்த நாள். நீ மொழிபெயர்ப்பாளர், நான் பக்கத்துக் கதிரையில் குறிப்பெடுப்பவள். கொழும்பிலிருந்து வந்த கனவான் சிங்களத்தில் 'ஏக்கிய' என்றார்; அதுவரை தமிழில் ஒற்றையாட்சி என்று எழுதிவந்த சொல். தமிழில் 'ஒருமித்த' என்றே சொல்ல வேண்டும் என்று உனக்கு முன்கூட்டியே உத்தரவு. சொன்னாய். ஆனால் உன் புருவம் நெரிந்ததை நான் பார்த்தேன்.

வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர் எழுந்தார். "ஒருமித்தன்னா எல்லாரும் சம்மதிச்சுச் சேர்ந்திருக்கிறதுதானேங்க? அப்போ எங்க பகுதிக்கு வேண்டியத நாங்களே முடிவெடுக்கலாமா?"

நீ அதைச் சிங்களத்தில் கேட்டாய். கனவான் சிரித்தார். அதிகாரமெல்லாம் மத்தியில்தான், மாகாணத்துக்குக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டாம் என்றார்.

நீ ஒலிவாங்கியை அருகே இழுத்தாய். "ஐயா, இவர் சொல்றதுக்குப் பேரு ஒற்றையாட்சி. அதிகாரம் முழுக்க மத்தியில. குடுத்ததத் திருப்பி எடுத்துக்கவும் முடியும்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் தோட்டத்திலிருந்து வந்தவர். தனக்கு அது வேண்டாம் என்று பதியச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் உன்னை அழைக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. கடுகண்ணாவை வீட்டில் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளினாய். வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"வருத்தம் இல்லாமலா? நல்ல வேலைடி அது. ஆனா அந்த மனுசன் தெரிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாருல்ல." பிறகு, "நம்ம ஆளுங்க கூட்டாட்சின்னு சொன்னாலும் இதையே கேளு, முடிவு யாரு கையிலன்னு" என்றாய்.

கேட்கிறேன். உன்னிடமிருந்து எனக்குத் தொற்றியது இந்தச் சந்தேகம்தான். போன வாரம் எங்கள் கோயில் கூட்டத்தில் தலைவர், "நாமெல்லாம் ஒண்ணு" என்று ஆரம்பித்தார். "சரிங்க, முடிவெடுக்கிறது யாரு?" என்றேன். அவர் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். பதில் வரும்வரை நான் உட்காரவில்லை.