வாய் மேலே பார்க்கும் கொக்கி

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். நீங்கள் சுகம்தானே? அண்ணன் இன்னும் செய்தித்தாளை முகத்தில் மூடிக்கொண்டுதான் தூங்குகிறாரா?

நீங்கள் அனுப்பிய வெள்ளிக் கொக்கிகள் வந்து சேர்ந்தன. சுத்தியலால் பூப்போலத் தட்டிய அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "கழுத்துக்குப் பின்னாடி போறதுக்கா இவ்வளவு அழகு!" என்கிறார்கள். மணிமாலை வாங்கியவர்கள் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்குகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம், அண்ணி. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? சமீபத்தில் விற்ற மாலைகள் கழன்று விழுகின்றன. பாட்டு டீச்சர் வகுப்பில் குனிந்து நிமிர்ந்தாராம், மாலை மடியில் கிடந்ததாம். பல் டாக்டரம்மாவுக்கும் அதே கதை. "நூல் அறுந்தா சரி, கோத்துக்கலாம். கொக்கி தானா கழண்டுக்குதேம்மா. ரோட்டுல விழுந்திருந்தா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கொஞ்ச நாளைக்கு மிஷின் கொக்கி வாங்கிப் போடட்டுமா? உங்களுக்கும் ஓய்வாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
வாலு


ஜூன் 9

அன்பு நாத்தனாருக்கு,

கோபம் வந்தால்தான் உன்னை நாத்தனார் என்பேன். தெரியுமல்லவா? மிஷின் கொக்கியாம்! ஏன், சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்துவிடேன்.

சரி, திட்டிவிட்டேன். கோபம் போய்விட்டது. மிச்சம் இருப்பது பயம்தான்.

அன்று என் கட்டைவிரலில் சுத்தியல் பட்டதே, நகம் வளர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். வளர்ந்தது உண்மைதான். ஆனால் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. கம்பியைக் குறட்டில் பிடித்து வளைக்கும்போது 'இது போதும், நிறுத்து' என்று சொல்வது விரல்தான், கண் இல்லை. அந்த விரலை நம்பலாமா என்று இத்தனை நாளும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் குறட்டைக் கீழே வைத்துவிட்டேன். என்னால் யாருடைய பொருளாவது தொலைந்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

உன் அண்ணன், "போதும், விட்டுடு. கையை ஏன் வருத்திக்கிறே?" என்கிறார். ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர், நான் கொக்கி தட்டும் பட்டறைக்கல்லை எடுத்துக்கொள்கிறேன் என்றார். வரச் சொல்லிவிட்டேன்.

கழன்ற மாலை ஒன்றை அனுப்பு. என் கை எங்கே தப்புச் செய்தது என்று பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன். இந்த வேலை இல்லாமல் பொழுதை எப்படிப் போக்குவேன் என்றுதான் தெரியவில்லை.

அது கிடக்கட்டும். உன் கையெழுத்து ஏன் கோழி கிளறினது போல இருக்கிறது?

அண்ணி


ஜூன் 12

அண்ணி,

பாட்டு டீச்சரின் மாலையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மிஷின் என்று எழுதிய என்னை நாலு சாத்துங்கள், வாங்கிக்கொள்கிறேன். கல்லை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

கையெழுத்தா? பேருந்தில் எழுதினேன். இதுவும் பேருந்தில்தான்.

வாலு


ஜூன் 16

அடி வாலு!

என் கையில் ஒரு கோளாறும் இல்லையடி! உன் பாட்டு டீச்சர் நன்றாக இருக்கட்டும், அவர் மாலை என் வயிற்றில் பால் வார்த்தது.

பிரித்த கையோடு கொக்கியை என் பழைய அளவுக் கம்பியோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். வளைவு இம்மியும் பிசகவில்லை. பிறகு ஏன் கழன்றது? மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உன் அண்ணனைப் பின்னால் நிறுத்தினேன்.

"வாய் எந்தப் பக்கம் பாக்குது?"

"நான் வாயே திறக்கலியே!"

"கொக்கியோட வாய்ங்க!"

"கீழ பாக்குது."

கீழே! நான் குனிந்து நிமிர்ந்தேன். சொத்தென்று விழுந்தது. கைதட்டிச் சிரித்தேன். மனுஷர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நீ இடதுகைக்காரி. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நீதான் கோர்க்கிறாய், கொக்கியை எப்போதும் இடப்பக்கம்தான் கட்டுவாய். அப்படிக் கட்டும்போது பூ வெளியே தெரியவேண்டும், வாயும் மேலே பார்க்கவேண்டும் என்று, ஊரார் வளைப்பதற்கு எதிர்ப்பக்கமாக வளைத்து வளைத்து எனக்கு அதுவே பழகிவிட்டது. இந்த மாலையில் கொக்கி வலப்பக்கம் இருக்கிறது. திருப்பிக் கட்டினால் வாய் கீழே போய்விடும், மாலை கொஞ்சம் தளர்ந்தாலும் மறுமுனை வளையம் நழுவிவிடும். கொக்கி என்ன செய்யும், பாவம்!

கல்லைத் தூக்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சந்தோஷப்பட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது நீ கோர்த்ததில்லை. முடிச்சுக்கூட உன் முடிச்சில்லை. யார் கோர்த்தது? வீட்டு வாசலிலேயே கடை வைத்திருப்பவளுக்கு எந்தப் பேருந்தடி? உன் கைக்கு என்ன ஆச்சு? மென்று முழுங்காமல் எழுது. உன் அண்ணன் பையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

மாட்டிக்கொண்டேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சொன்னால் அண்ணன் அடுத்த வண்டியில் வந்து நிற்பார், நீங்களும் போட்டது போட்டபடி ஓடிவருவீர்கள் என்றுதான் மறைத்தேன். மாடிவீட்டு அக்கா கோர்த்துத் தந்தார். அவர் வலதுகைக்காரர், வழக்கம்போல வலப்பக்கம் கட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூ வெளியே தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

எனக்காகத் திருப்பி வளைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது, அண்ணி. உலகத்தில் எல்லாக் கொக்கியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக்காட்டும்போது பாதியில் அவர் கையில் கொடுத்துவிட்டேன். மீதியை அவர்தான் படித்தார்.

மாலைகளையெல்லாம் திரும்ப வாங்கி, கொக்கியை இடப்பக்கம் மாற்றிவிட்டோம். பல் டாக்டரம்மா என் கடை நாற்காலியில் சாய்ந்தார், குனிந்தார், தலையை ஆட்டினார். "விழலையே!" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. இன்னொரு மாலையும் கேட்டிருக்கிறார். அக்காவை நான் விடுவதாக இல்லை. அவருக்கென்று வலப்பக்கத்துக்கு ஏற்றபடியும் கொஞ்சம் வளைத்து அனுப்புங்கள். இரண்டையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள், தாயே!

நீங்கள் விரலை மறைத்தீர்கள், நான் கையை மறைத்தேன். சரிக்குச் சரியாகப் போயிற்று. ஆனாலும் அந்த விரலை டாக்டரிடம் காட்டவேண்டும். இங்கே வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன். அண்ணனையும் பையோடு அழைத்துவாருங்கள்.

இன்று காலை மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை இளைத்துப்போய், சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. இதுவரை வலது கையால்தான் எழுதினேன். இனி வருவது இடது கை. கோழி போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
வாலு