மிச்சப் பெயிண்ட்டில் ஒரு வீடு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைச் சேர்க்காமல் பார்த்தால் நான் சௌக்கியம். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பதை நீ அனுப்பும் போட்டோவைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று ஓடிவிடுவாய், கடிதத்திலிருந்து ஓட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா போய் நாலு மாதம் ஆகிறது, வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே வந்துவிடச் சொன்னாய், சரியென்று ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டேன். அந்த ஆள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ஒரு வீடா, அஞ்சு வீடா?" என்று கேட்டான். என்ன சொல்வேன்? நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடித்த மகாராஜா உன் அப்பா, சொந்த வீட்டுக்கென்று ஒரு டப்பா வாங்கியதில்லை. வேலை முடிந்த இடத்தில் மிச்சத்தைக் கேட்டு வாங்கிவந்து, அது தீர்கிற இடம்வரை அடிப்பார். கூடத்தில் இடுப்பளவுக்கு பேங்க் மஞ்சள், அதற்கு மேலே துணிக்கடை ரோஸ். சமையலறை முழுக்கப் பல் டாக்டரின் பச்சை, முப்பது வருஷமாக அங்கே நின்றாலே எனக்குப் பல் கூசுகிறது. ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா இருந்தாரா, தெருவில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் குறை சொன்னார். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு மேலே சீலிங்கைக் காட்டி, "பெயிண்டுக்கு அடியில பட்டியைச் சரியா தேய்க்காம அடிச்சிருக்கான் சார்" என்றாரே, அந்த ஞானியோடுதான் நான் குடும்பம் நடத்தினேன். நல்லவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஏணியிலிருந்து விழுந்து ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தபோதும் மறு கையில் உன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்கு வந்தவர்.

உன் அறைக்கு மட்டும் எப்போதும் ஒரே நீலம். அடிக்கடி ஏணியோடு உள்ளே போவார், என்ன என்று கேட்டால், "மிச்சம் கிடக்குது, தீர்க்கறேன்" என்பார், சும்மா உட்காரத் தெரியாத மனுஷன் என்று நானும் கத்துவேன். நேற்று பெயிண்டர் உன் பீரோவை நகர்த்தினான். பின்னால் பூசாமல் விட்ட துண்டுச் சுவரில் அப்பா பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். மேலே அந்த நீலத்தின் நம்பர். "இது கடையில சொல்லிக் கலக்கி வாங்கறதும்மா, மிச்சமெல்லாம் இல்ல" என்றான் பெயிண்டர். கீழே ஒன்பது தேதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "தம்பி வரான்". அதில் இரண்டுக்கு மட்டும் டிக். அந்த இரண்டு தடவைதான் நீ வந்தாய். மற்ற ஏழும் உனக்கே தெரியும், லீவு இல்லை, டிக்கெட் இல்லை, ப்ராஜெக்ட். அவர் போனபோது ஓடிவந்தாய், அதற்கு யாரும் சுவர் பூசவில்லை. உன்மேல் கோபமில்லை என்று பொய் சொல்லமாட்டேன், நிறைய இருக்கிறது. கட்டின பெண்டாட்டியிடம் மிச்சம் மிச்சம் என்று புளுகின அவர்மேலும் இருக்கிறது.

பெயிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வீட்டை வாடகைக்கு விடவில்லை, நானும் அங்கே வருவதாக இல்லை. மருமகளுக்கும் பேரக்குழந்தைக்கும் என் ஆசிகள், மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இனிமேல் வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாதே, நேராக வந்து நில். சொன்னால் ஏணி ஏற இங்கே ஆள் இல்லை.

இப்படிக்கு,
பச்சைச் சமையலறையிலிருந்து,
உன் அம்மா