அந்த மேடு துத்தநாகம் இல்லை, அக்கா

என் செல்வி அக்காவுக்கு,

காய்ச்சல் என்று மானாம்பதிக்குப் போனாய். அந்தக் காய்ச்சல் உன்னை உயிரோடு திரும்ப விடவில்லை. ஆய்வகத்தில் உன் படிகங்கள் திரவ நைட்ரஜனில் காத்திருந்தன. எக்ஸ்ரே கதிரின் முன் அவற்றை வைத்தது நான்தான்.

உங்கள் வயல் மண்ணில் வாழும் பாக்டீரியா. அதன் ஒரு நொதியின் படிகங்கள் அவை. அந்த நொதியின் நடுவே ஒரு குழி, குழிக்குள் ஓர் உலோக அயனி. எக்ஸ்ரே தரும் வரைபடத்தில் அது சின்ன மேடாகத் தெரியும். துத்தநாகம், அதாவது ஜிங்க், என்றாய். "நீ நெல்லுக்குப் போட்ற ஜிங்கைப் புடிக்கிற கை இது நைனா" என்று உன் அப்பாவுக்குப் போனில் படம் காட்டினாயாமே?

துத்தநாகமும் நிக்கலும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே உயரம். எக்ஸ்ரேயின் அலைநீளத்தை மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தேன். நிக்கல்.

நொதியைச் சுத்தம் செய்ய நாம் நிக்கல் ஏற்றிய குழாய் வழியாக விட்டோமே, அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. வயல் கொடுத்ததல்ல. நாம் கொடுத்தது.

கட்டுரையில் அதை எழுதுவதற்கு முன் உன் வீட்டில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை போனேன். நைனா வரப்பில் நின்றிருந்தார்.

"அப்ப நான் போட்ட ஜிங்க் இல்லியா?"

"இல்ல பெரிப்பா. எங்க குழாயில இருந்து வந்த நிக்கல்."

"டீக்கடையில அல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேனே."

சோறு கொண்டுவந்த உன் அம்மா சிரித்தார். "டீக்கடை இன்னா, ஆட்டுக்குக்கூட சொல்லியாச்சு இவரு."

நைனா சிரிக்கவில்லை. குனிந்து மடையை அடைத்தார். பிறகு கேட்டார்.

"செல்வி தப்புனு எழுதுவாங்களா?"

அவர் கேட்க நினைத்தது அது ஒன்றுதான், அக்கா.

"இடத்தைக் கண்டுபுடிச்சது அவங்கதான் பெரிப்பா. அது சரி. உள்ள உக்காந்திருந்த ஆளுதான் வேற. கட்டுரையில முதல் பேரு அவங்க பேருதான்."

"அப்ப உள்ளதையே எழுது. டீக்கடையில நான் மாத்திச் சொல்லிக்கிறேன்."

அன்று மாலையும் ஜிங்க் தூவினார். பயிர் மஞ்சளாகக் கிடந்தது. பயிருக்காகவா, உன் நினைவிலா? நான் கேட்கவில்லை.

நேற்று நிக்கலை நீக்கிய படிகத்தின் வரைபடம் வந்தது. குழி மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். மூடவில்லை. நிக்கலைப் பிடித்திருந்த நொதியின் கிளைகள் ஏறக்குறைய அதே இடத்தில், அதே பக்கம் திரும்பி நிற்கின்றன. நடுவில் ஒரு நீர் மூலக்கூறு மட்டும்.

இனி நிக்கல் படாமல் நொதியை எடுப்பேன். துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு, எல்லாவற்றையும் அதன் முன் வைப்பேன். அது எதைப் பிடித்தாலும் அதையே எழுதுவேன். நீ சொன்னதாக இருந்தாலும், இல்லாவிட்டாலும். எழுதுவதற்கு முன் மானாம்பதி பஸ் ஏறுவேன். நைனாவுக்குத் தெரிந்த பிறகுதான் டீக்கடைக்கு.

உன் பக்கத்து மேசைத் தம்பி,
பெருநகர் குமரன்