நாடகத்தில் வராத மருமகள்

முருகன் துணை

ஜார்ஜ்டவுன்,
மார்கழி, திங்கட்கிழமை

அன்புள்ள ஜெகதீஸ்வரி அக்காவுக்கு, தனலெட்சுமி வணக்கத்துடன் எழுதுவது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின் கூடத்தில் இருந்தவர்கள்: சக்கர நாற்காலியில் உங்கள் அம்மா, நாளிதழோடு உங்கள் தம்பி, கீழ்வீட்டு ஷாஹிரா, அத்தைக்கு மைலோ ஆற்றிக்கொண்டு நான். வேறு யாருமில்லை.

டிவியில் துப்பறியும் நாடகம். மாமியாருடைய பாலில் மருமகள் விஷம் கலக்கிற கதை. அத்தை என்னைக் காட்டி, "பாத்தியா ஷாஹிரா, வாயாடி ஒண்ணும் செய்யமாட்டா லா. ஊமையா இருக்கிறவதான் போட்டுத் தள்ளுவா. நம்ம வீட்டுலயும் ஒண்ணு நிக்குது" என்றார். உங்கள் தம்பி என்னிடம், "மொதல்ல நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது மனதில் ஒன்று வந்தது. கலந்தால்தான் என்ன என்று. கோப்பையை ஷாஹிராவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடம் எடுக்க விரதம் இருக்கிறேன். அத்தையின் கால் குணமாக வேண்டித்தான் நேர்ந்துகொண்டேன். அவருக்காக விரதம் இருந்துகொண்டு அவரையே இப்படி நினைத்தால், அந்தக் குடத்தை எப்படித் தலையில் வைப்பது?

முருகா முருகா என்று சொல்லி விரட்டினேன். விரட்ட விரட்ட வந்தது. தேங்காய் துருவும்போது வந்தது, அத்தைக்குத் தலை சீவும்போது வந்தது. பிறகு விரட்டுவதை விட்டேன். நாடகத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது. உடனே எழுந்து போய் அந்தச் சாமானை யாரும் வாங்கிவிடுவதில்லை. அது பாட்டுக்கு வந்து போகட்டும் என்று என் வேலையைப் பார்க்கிறேன். இப்போது குறைந்திருக்கிறது. நின்றுவிட்டது என்று எழுதினால் பொய்.

அந்த நாடகங்களில் கொலை செய்தவளுக்குக் கடைசியில் ஒரு முன்கதை காட்டி நம்மை அழவைக்கிறார்கள். அந்த வீட்டில் பெரியவரை யார் குளிப்பாட்டினார்கள் என்று ஒரு போலீஸ்காரரும் கேட்பதில்லை. கோபத்தில் நினைத்துவிட்டு அரிசி களையப் போனவளைப் பற்றி யாரும் நாடகம் எடுப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அத்தையின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, மைலோ ஆற்றுகிற வேலையையும் சேர்த்து உங்கள் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன். விரதம் என்று காரணம் சொன்னேன். நேற்று அத்தை, "அவனுக்கு ஆத்தத் தெரியல, நாக்கு வெந்துபோச்சு. நீ குடுடி தனம்" என்றார். ஆற்றிக் கொடுத்தேன். முழுதும் குடித்துவிட்டு வெறும் கோப்பையை நீட்டினார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அக்கா, நான் எதுவும் செய்யமாட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனால் அத்தை குளியலறையில் விழுந்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் வெளியே தங்கியதில்லை. தைப்பூசம் வரை அவரை ஜொகூரில் உங்களோடு வைத்துக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் நீங்களாவது வந்து கொஞ்ச நாள் இருங்கள். எப்படியானாலும் குடம் அவருக்காகத்தான் எடுப்பேன். அதில் மாற்றமில்லை.

முருகன் உங்களையும் அண்ணனையும் காக்கட்டும். உங்கள் அம்மாவை முதலில் காக்கட்டும்.

போனில் கூப்பிட வேண்டாம். அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்வார். கடிதமாக எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தனம்