‘கேரக்டர்’ பற்றி ஜமால் அண்ணாவுக்கு

கூடப் பிறக்காமலே எனக்கு அண்ணனாகிவிட்ட ஜமால் அண்ணாவுக்கு,

இன்று பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தடுப்பு போட்டுவிட்டார்கள், கடையை விட்டு நகர வழியில்லை. வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், வாங்குவார் இல்லை. பாத்திரத்தில் பேர் வெட்டும் மிஷினோடு நீங்கள் உட்கார்ந்திருந்த மூலையில் முதலாளி இப்போது குக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். அதன் மேல் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். பத்தாவதில் கோட்டை விட்டவன் எழுதும் கடிதம், பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நம் பெரிய பொண்ணு நிவேதா புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள், அண்ணா. நீங்கள் இந்தக் கடையில் இருந்தவரைக்கும் அவள் ஆரணியில் நல்லபடியாகத்தான் குடித்தனம் செய்துகொண்டிருந்தாள். ஒரு மழை நாளில் பஸ் வரவில்லை. அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பைக்கில் கொண்டுவந்து வீட்டில் விட்டிருக்கிறார். வாசலில் நின்றபடியே மாமியார், “கேரக்டர் சரியில்ல” என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒன்றும் பேசவில்லை. இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தமிழில் திட்டுவதற்கா வார்த்தை இல்லை? ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி இப்படிப் பேசும்போது மட்டும் நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் வந்துவிடுகிறது. தமிழில் சொன்னால் அடிதடியாகிவிடும். இங்கிலீஷில் சொன்னால் நாகரிகமாகப் பேசியதாகக் கணக்கு.

இங்கிலீஷ் பி.ஏ. படித்தவளாயிற்றே, ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “கேரக்டர்னா மொதல்ல இன்னா அர்த்தம் தெரியுமாப்பா?”

“வில்லன், காமெடியன், அதானே?”

“அது ரொம்ப பின்னாடி வந்தது. மொதல்ல அது கிரேக்க பாஷை. கல்லுலயும் உலோகத்துலயும் அடையாளம் வெட்டுற கருவிக்குத்தான் அந்தப் பேரு.”

“அப்ப ஜமால் பெரியப்பா கையில வச்சிருந்தது?”

“அதான்பா ஒரிஜினல் கேரக்டர்!”

வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

கருவியின் பேர் அது வெட்டிய அடையாளத்துக்கு வந்ததாம். பிறகு எழுத்துக்கு, பிறகு மனுஷனுக்குள் பதிந்திருக்கும் குணத்துக்கு, நாடகத்து வேஷத்துக்கு, வேலைக்காரனுக்கு முதலாளி தரும் நற்சான்றுக்கு. “இங்க வந்து சேர்றதுக்குள்ள, பொண்ணு யார்கூட பைக்ல வந்தான்னு ஆயிடுச்சு” என்றாள். கத்தி காயின் மேல் வேகமாக ஓடியது.

எனக்கு அந்த வார்த்தையால் ஒரு கஷ்டமும் வந்ததில்லை. கடையில், “பழனி ஒரு கேரக்டருப்பா” என்பார்கள். கிறுக்கன் என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். தினமும் என்னை பெஞ்சு மேல் ஏற்றிய தலைமையாசிரியரே டி.சி.யில் என் நடத்தை ‘நன்று’ என்றுதான் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சும்மா கிடைத்தது, அவளுக்கு ஒரு மழையில் போய்விட்டதே, எப்படி அண்ணா?

போன வாரம் மாப்பிள்ளையின் பெரியப்பா நாலு பேரோடு வந்தார். நிவேதா உள்ளே இருந்தாள்.

“பழனி, ஜாஸ்தி பேச வேணாம். ‘சின்னப் பொண்ணு, தெரியாம நடந்துட்டா, மன்னிச்சிடுங்க’ன்னு எங்காளுங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடு. அன்னிக்கே கூட்டிக்கினு போயிடறோம்.”

“அவ ஒண்ணும் பண்ணலயே சம்பந்தி.”

“பண்ணான்னு யாருப்பா சொன்னது? ஒரு மரியாதைக்குக் கேக்கறோம்.”

கரண்டி வாங்க வந்தவரிடம் கிரைண்டர் விற்றுவிடும் வாய் இது. அன்று ஒட்டிக்கொண்டது. பௌர்ணமி போகட்டும், கடையில் கூட்டமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். கூட்டத்தின் லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே. நாளைக்கு வருகிறார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டவில்லை, உங்களை அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரி, உங்கள் தங்கச்சி, ஆரம்பித்துவிட்டாள். “சொன்னா உங்க வாயில இருந்து இன்னா கொறஞ்சிடும்? சின்னவ ஒருத்தி இருக்கா. பெரியவ வாழாம வந்து குந்திக்கினு இருந்தா, அவள யாரு கேட்டு வருவாங்க?” அவள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. சொன்னால் பெரியவளை என் கையாலேயே தள்ளிவிட்டவன் ஆவேன். சொல்லாவிட்டால் சின்னவள் வழியை அடைத்தவன் ஆவேன். ஒரு வாரமாக வீட்டில் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒருவர் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டித் தரச் சொல்லி வந்தார். உடனே உங்கள் ஞாபகம். யார் வந்து சொன்னாலும், “பேருக்காரங்க வரட்டும்” என்பீர்களே. “பாய், கிராக்கி போயிடும்!” என்று முதலாளி கத்துவார். “போனா போவட்டும் மொதலாளி. தப்பா வெட்டிட்டா தேய்க்கலாம், பள்ளம் போவாது” என்பீர்கள். நிவேதாவின் கல்யாணப் பாத்திரங்களில் பேர் வெட்ட நானே வந்து நின்றேன். அப்பன் சொன்னாலும் செல்லாது, பொண்ணை வரச்சொல் என்றீர்கள். காலேஜ் பையோடு வந்து, அவளே சொன்ன பிறகுதான் மிஷின் ஓடியது. அன்று எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

என்ன சொல்வது, சொல்லலாமா கூடாதா என்று வீட்டில் எல்லாரும் பேசிவிட்டோம். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. இன்று காலையில் கேட்டேன்.

“உனக்குப் போவணும்னு இருக்காம்மா?”

“தெரியலப்பா. அவரு வந்து பேசட்டும், பேசுவோம். ஆனா நீ மன்னிப்பு கேட்டு அனுப்பாத. அப்புறம் அந்த வீட்டுல சாவுற வரைக்கும் நான் மன்னிச்சு விட்ட பொண்ணுதான்.”

அடுப்படியில் உங்கள் தங்கச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. அது சம்மதமா, கோபமா? இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணா. நாளைக்கு அவர்கள் வந்து உட்கார்ந்ததும் கூடத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போடுவேன். அவளைப் பற்றிய பேச்சை அவள் பேசட்டும். அந்த மன்னிப்பு என் வாயிலிருந்து வராது. எழுந்து போவார்களா, மாப்பிள்ளையைக் கூட்டிவருவார்களா, சின்னவளுக்கு நாளை என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. உங்கள் தங்கச்சி எத்தனை நாள் முகம் கொடுக்கமாட்டாளோ. என்ன ஆனாலும் நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.

உங்கள் தம்பி,
நிவேதாவின் அப்பா,
பழனி